நியூகாசிலில் அளித்த வாக்கு

1959ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி, வட இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரில் தொழிற் கட்சித் தலைவர் ஹியூ கெய்ட்ஸ்கெல் தேர்தற் சொற்பொழிவொன்று நிகழ்த்தினார். பொதுத் தேர்தலுக்குப் பத்து நாட்களே எஞ்சியிருந்தன. அன்று அவர் கூறியவற்றுட் பலவற்றை இன்று எவரும் நினைவு கூர்வதில்லை. ஒன்றை மாத்திரம் பிரித்தானிய அரசியல் வரலாறு மறக்கவில்லை. சமாதான காலத்துச் சாதாரண நிலைமை நீடிக்குமட்டும், தொழிற் கட்சி அரசாங்கம் வருமான வரியின் வீதங்களை உயர்த்தமாட்டாது என்பதே அது.

கேட்போர்க்கு இனிய வாக்குத்தான். ஆயினும் அவ்வினிய வாக்கே அவர் கட்சிக்குக் கேடாய் விளைந்தது என்று கூறுவோர் பலர். அஃது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிதற்கு அவ்வாண்டின் நிலைமையைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

கொன்சவேட்டிவ் கட்சி 1951ஆம் ஆண்டிலிருந்து ஆட்சிபுரிந்து வந்தது. 1957இற் பிரதம மந்திரியான ஹரோல்ட் மக்மில்லன், நாடு செழிப்புற்றிருக்கிறது என்னும் ஒன்றையே வாக்காளர் முன் வைத்தார். தொலைக்காட்சிப் பெட்டியும், சலவை இயந்திரமும், சிறிய மோட்டார் வண்டியும் தொழிலாளர் இல்லங்களிற் புகத் தொடங்கிய காலம் அது. 1959 ஏப்பிரில் மாத வரவு செலவுத் திட்டத்தில், நிதி மந்திரி ஹீத்கோட் அமோரி, பவுணொன்றுக்கு 8 சிலிங் 6 பென்ஸாக இருந்த வருமான வரியை 7 சிலிங் 9 பென்ஸாகக் குறைத்தார். சிலிங்குக்கு 12 பென்ஸ், பவுணுக்கு 20 சிலிங் என்பது அக்காலக் கணக்கு. கொள்வனவு வரியும் குறைந்தது. பியர் மீதிருந்த தீர்வையும் குறைந்தது. ஆறு மாதத்தில் தேர்தல் வந்தது.

ஆளுங் கட்சி கொடுத்துவிட்டு வாக்குக் கேட்கலாம். எதிர்க்கட்சியோ கொடுப்போம் என்று சொல்லித்தான் கேட்கவியலும். முன்னதற்கு வரவு செலவுத் திட்டம் என்று பெயர். பின்னதற்கு இலஞ்சம் என்று பெயர் வந்துவிடுகிறது.

தொழிற் கட்சி சொன்னது சிறிதன்று. வாரத்துக்கு 50 சிலிங்காக இருந்த முதியோர் உபகாரச் சம்பளத்தை உடனே 10 சிலிங்கால் உயர்த்துவோம் என்றது. வாடகை கொடுத்து, குளிர்காலத்துக்கு நிலக்கரியும் வாங்கவேண்டிய தனி மூதாட்டி ஒருத்திக்கு அப்பத்துச் சிலிங் எத்துணைப் பெரிதென்பதைக் கூறவேண்டியதில்லை. அதனோடு பாடசாலைகள், வைத்தியசாலைகள், வீடுகள் என்று பட்டியல் நீண்டது. பணம் எங்கிருந்து வரும் என்று கொன்சவேட்டிவ் கட்சியார் மேடைதோறும் வினவினர்.

கெய்ட்ஸ்கெல் இதற்கு விடையின்றி நிற்கவில்லை. நாட்டின் உற்பத்தி பெருகினால் மக்களின் வருமானம் பெருகும். வருமானம் பெருகினால் வரி வீதம் மாறாதிருப்பினும் திறைசேரிக்கு வரும் தொகை கூடும். அக்கூடுதலைக் கொண்டே செலவினை ஈடுசெய்யலாம் என்பது அவர் வாதம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பொருளியல் கற்பித்தவர் அவர். கணக்கிற் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உற்பத்தி பெருகும் என்பது எந்த அரசாங்கமும் கையடித்துக் கொடுக்கக்கூடிய ஒன்றன்று.

இவ்விடத்து அம்மனிதரின் கடந்த காலத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். கொரிய யுத்தத்தினாற் படைச் செலவு பெருகிய 1951இல் நிதி மந்திரியாக இருந்தவர் அவரே. அவ்வாண்டு வருமான வரியை உயர்த்தினார். இலவசமாக வழங்கப்பட்டுவந்த மூக்குக்கண்ணாடிக்கும் செயற்கைப் பற்களுக்கும் கட்டணம் விதித்தார். அதனால் முதலாண்டில் மிஞ்சக்கூடியது 1 கோடி 30 இலட்சம் பவுண் மாத்திரமே. அதன் பொருட்டு அனூரின் பெவனும் ஹரோல்ட் வில்சனும் மந்திரி பதவி துறந்தனர், கட்சி இரண்டுபட்டது. அப்போதும் கெய்ட்ஸ்கெல் அசையவில்லை. கசப்பானதை முகத்துக்கு நேரே சொல்லுபவர் என்ற பெயர் அவருக்கு அவ்வாறு வந்தது. அத்தகையவர், செலவும் கூடும், வரியும் கூடாது என்று ஒரே மூச்சிற் கூறியபோதுதான் கேட்டவர்கள் ஐயுற்றனர்.

அடுத்த சில தினங்களில், அத்தியாவசியப் பண்டங்கள் மீதான கொள்வனவு வரியும் நீக்கப்படும் என்று கட்சித் தலைமையகம் பத்திரிகையாளருக்கு அறிவித்தது. எதிர்த் தரப்பு எதிர்பார்த்திருந்த சந்தர்ப்பம் இதுவே. நாளுக்கோர் இலஞ்சம் என்று மந்திரி பட்லர் எள்ளி நகையாடினார். அதன் பின்னர், உபகாரச் சம்பளத்தைப் பற்றிய விவாதம் கெய்ட்ஸ்கெலின் நாணயத்தைப் பற்றிய விவாதமாக மாறிற்று. முதியோர் மறக்கப்பட்டனர்.

ஒக்டோபர் 8ஆந் திகதி வாக்களிப்பு நடந்தது. மொத்தம் 630 ஆசனங்களிற் கொன்சவேட்டிவ் கட்சி 365, தொழிற் கட்சி 258. தொழிற் கட்சிக்கு அது தொடர்ந்து மூன்றாவது தோல்வி. நியூகாசில் வாக்குத்தான் தோல்விக்குக் காரணம் என்று கொள்ளுதல் மிகையாகும். மக்கள் செழிப்பை உணர்ந்திருந்தனர், அதனை இழக்க விரும்பவில்லை. எனினும் அவ்வாக்கு தேர்தலின் தொடக்கத்திலேயே, தொகைகளோடும் கணக்கோடும் வந்திருப்பின் ஒரு கொள்கையாகக் கருதப்பட்டிருக்கும். துரத்தப்பட்டவர் திரும்பிச் சொன்ன சொல்லாக வந்தமையாலேயே அதன் மதிப்புக் குன்றிற்று.

வென்றவர் கதையும் கேட்கத்தக்கது. 1961 ஏப்பிரிலில் உபகாரச் சம்பளம் 57 சிலிங் 6 பென்ஸாக உயர்ந்தது; அதாவது கெய்ட்ஸ்கெல் சொன்ன பத்தில் ஏழரை, ஒன்றரை ஆண்டு கழித்து. அதே ஆண்டு யூலையில் நிதி மந்திரி செல்வின் லொயிட், கொள்வனவு வரியையும் தீர்வைகளையும் பத்திலொரு பங்கு கூட்டி, சம்பள உயர்வுகளையும் நிறுத்தி வைத்தார். தேர்தலுக்கு முன் கொடுத்ததில் ஒரு பகுதி இவ்வாறு திரும்பிப் போயிற்று. அதனை எவரும் வாக்குத் தவறியதாகச் சொல்லவில்லை. வாக்காக அது கொடுக்கப்படவே இல்லையல்லவா?

கெய்ட்ஸ்கெல் பிரதம மந்திரியாகாமலே 1963 சனவரியிற் காலமானார்.

1997இல் அதே கட்சி அதே வாக்கை மீண்டும் அளித்தது: வருமான வரியின் அடிப்படை வீதமும் உச்ச வீதமும் உயரமாட்டா. இம்முறை அது தேர்தலுக்கு மாதங்கள் முன்னரே, சனவரியிற் கூறப்பட்டது. முதல் இரண்டாண்டுகளுக்குக் கொன்சவேட்டிவ் கட்சி வகுத்த செலவு வரம்புக்குள்ளேயே நிற்போம் என்றும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஆதலாற் பணம் எங்கிருந்து வரும் என்ற வினா முன்போற் சுடவில்லை. அக்கட்சி 418 ஆசனங்களை வென்றது. வரி வீதங்களும் சொன்னபடியே உயராதிருந்தன. 2000ஆம் ஆண்டு ஏப்பிரிலில் தனி முதியோரின் உபகாரச் சம்பளம் வாரத்துக்கு 75 பென்ஸால் உயர்ந்தபோது முதியோர் கொதித்தெழுந்தனர். பழைய கணக்கில் அது 15 சிலிங். 1959இற் சொன்னதிலும் ஐந்து சிலிங் கூடுதல். ஆனால் அன்றைய 10 சிலிங் முதியோர் பெற்றதில் ஐந்திலொரு பங்கு. இந்த 75 பென்ஸோ ஏறக்குறையத் தொண்ணூற்றிலொரு பங்கு.