தேர்வீதியும் குண்டு கிராமமும்: கடலூர், சிதம்பரம் வழியே நகரமைப்பு நூல்களின் வரலாறு

ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தைய நாள், சிதம்பரம் கீழ வீதியின் தென்கோடியில் நின்று தேர் திரும்புவதைப் பார்க்க வேண்டும். வடம் இழுப்பவர்கள் நிறுத்துகிறார்கள். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை விழுகிறது. கட்டை போடுபவர் எதிர்ப்பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் தேருக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கிறார். மறுபடி வடம் இறுகுகிறது. சாண் சாணாக நகர்ந்து, தேர் தெற்கு வீதிக்குள் முகம் திருப்புகிறது. அந்த மூலை அவ்வளவு அகலமாக இருப்பது ஏன் என்பதற்குத் தேரைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பியாக வேண்டும். அதற்கு ஊர் இடம் விட்டிருக்கிறது.

நகரமைப்பு படிக்க விரும்பும் மாணவர்கள் எந்த நூலில் தொடங்குவது என்று கேட்கிறார்கள். கெவின் லிஞ்ச் 1960இல் எழுதிய நூலையும் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய நூலையும் காட்டுவது வழக்கம். இரண்டும் நல்ல நூல்கள்தாம். ஆனால் தமிழ் நிலத்தில் நகரத்தைப் படிப்பதற்கென்று ஒரு நூல்வரிசை தானாகவே உருவாகி வந்தது. அது எப்படி உருவானது, எந்த இடத்தில் அறுந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வரிசையின் முதல் ஏடு கல். தில்லை என்னும் சிதம்பரத்துக் கோயிலில் மணவிற்கூத்தன் காலிங்கராயனின் திருப்பணிகளைச் சொல்லும் தமிழ்ப் பாடல்கள் வெட்டப்பட்டுள்ளன. நரலோகவீரன் என்று பெயர்பெற்ற இவன் முதற்குலோத்துங்கனிடமும் விக்கிரமசோழனிடமும் படைத்தலைவனாக இருந்தவன். நூற்றுக்கால் மண்டபம் எடுத்தது, தேவாரம் ஓத மண்டபம் அமைத்தது, மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்தது ஆகியவற்றைப் பலரும் எடுத்துச் சொல்வார்கள். நகரமைப்புக் கண்ணுக்கு அவற்றைவிட முக்கியமானது, மாசித் திருவிழாவுக்காகக் கடற்கரைக்கு வழி அமைத்த செய்தி. கோயிலைக் கட்டியவன் கோயிலோடு நிற்கவில்லை. ஊரைக் கடலோடு இணைத்தான். பண்ருட்டியை அடுத்த திருவதிகையிலும் இவனுடைய பணிகளைச் சொல்லும் பாடல் கல்வெட்டு இருக்கிறது. ஒரே தலைவனின் கை ஒரு வட்டாரம் முழுவதும் நீண்டிருப்பதை இரண்டையும் சேர்த்துப் படித்தால் காணலாம். இந்தத் தில்லைப் பாடல்கள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ நான்காம் தொகுதியில் 1923இல் அச்சாயின.

இதற்கு நேர் எதிரான நகரப் பிறப்பு கடலூரில் நடந்தது. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி செஞ்சியிலிருந்த மராட்டிய அரசரிடம் விலைக்கு வாங்கியது. எல்லையை அளக்கக் கயிறும் இல்லை, கோலும் இல்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டிய தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம். அந்த எல்லைக்குள் அகப்பட்டவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் இன்றும் அந்த நினைவைச் சுமக்கிறது. சிதம்பரத்தின் அளவுகோல் தேர் என்றால், கடலூரின் அளவுகோல் பீரங்கி. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலைச் சுற்றி ஓர் ஊர், மஞ்சக்குப்பத்தில் மைதானத்தைச் சுற்றி அலுவலகங்களின் ஊர், முதுநகரில் துறைமுகத்து ஊர் என்று கடலூர் பல துண்டுகளாக நிற்பதற்கும் இந்தப் பிறப்புக்கும் தொடர்பு உண்டு. இதைப் படிக்க இரண்டு நூல்கள் போதும்: கார்ஸ்டின் 1878இல் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேடு, பிரான்சிஸ் 1906இல் எழுதிய கெசட்டியர். ஆட்சிக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

இனி அச்சுக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, பழந்தமிழ் நகரங்கள் புலவர் வீட்டுச் சுவடியிலிருந்து பொதுவெளிக்கு வந்தன. மதுரைக்காஞ்சியில் பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் இருந்தன. சிலப்பதிகாரத்தின் புகாரில் கடலோர மருவூர்ப்பாக்கத்துக்கும் அரசன் இருந்த பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரங்களின் கீழே சந்தை கூடியது. 1918இல் அச்சான பரிபாடலின் திரட்டுப் பாடல் ஒன்று மதுரையைத் தாமரைப் பூவாகவும் தெருக்களை அதன் இதழ்களாகவும் காட்டுகிறது. சங்கப் பாடல்களில் நகர் என்ற சொல் மாளிகையையும் கோயிலையும் குறிக்கும் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு கட்டடத்தின் பெயரே அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் பெயரானது. தில்லையில் அந்தச் சொல்வரலாறு தெருக்களாகவே கண்முன் இருக்கிறது. அதே சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார் என்பது இவ்வூருக்குப் பெருமை.

பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் அச்சேறி ஏறத்தாழக் கால் நூற்றாண்டில் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் சென்னைக்கு வந்தார். ஆளுநர் பென்ட்லண்டு அழைத்திருந்தார். கெடிஸின் நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களோடு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. பிறகு தஞ்சை, மதுரை, காஞ்சி போன்ற ஊர்களை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருவை இடித்துத் தள்ளாமல், நோயுள்ள இடத்தை மட்டும் கவனமாகச் சீர்செய்யும் முறையை அவற்றில் வலியுறுத்தினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்க்க அதிகாரிகள் முனைந்தபோது, குளத்தை விட்டுவையுங்கள், கொசுப்புழுவைத் தின்ன மீனும் வாத்தும் விடுங்கள் என்றார். நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தப் பக்கங்களைவிடப் பயனுள்ள நகரமைப்புப் பாடம் நமக்கு இன்னொன்று இல்லை என்பது என் துணிபு. அவருடைய இந்திய அறிக்கைகளின் தேர்ந்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் 1947இல் ஒரே நூலாகத் தொகுத்தார்.

கெடிஸின் முன்னுரையோடு 1916இல் சி.பி.வேங்கடராம ஐயர் பண்டைத் தக்காண நகரமைப்பு குறித்து ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். இலக்கியத்தை இலக்கியமாக மட்டும் பார்க்காமல், தெருவும் அகழியும் அங்காடியும் உள்ள வரைபடமாகப் படித்த துணிச்சல் அது. நம் நூல்வரிசையின் உச்சம் இதுவே. 1918இல் லான்செஸ்டர் சென்னை மாகாண நகரமைப்பு பற்றி எழுதினார். 1920இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது.

இங்கேதான் நூல்வரிசை அறுந்தது. சட்டம் வந்தபின் நகரமைப்பு என்பது சாலை அகலம், கட்டடக் கோடு, மனைப்பிரிவு என்று சுருங்கத் தொடங்கியது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் முழுமைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அங்கீகாரம் பெற்ற மனை என்பதே மக்கள் நாவில் நகரமைப்பின் பொருளாக நின்றுவிட்டது. நீர் பற்றிய அத்தியாயம் கழன்று விழுந்தது. சிதம்பரத்தில் ஓமக்குளமும் ஞானப்பிரகாசர் குளமும் தில்லையம்மன் ஓடையும் கான்சாகிப் வாய்க்காலும் ஊரின் வடிகால் உறுப்புகள். இவை இல்லாத மனைப்பிரிவு வரைபடம் பாதி வரைபடமே. கடலூர் 2004இல் ஆழிப்பேரலையையும் 2011இல் தானே புயலையும் 2015இல் பெருவெள்ளத்தையும் கண்டது. தாழ்நிலம் எது, ஆற்றின் வழி எது என்று படிக்காத திட்டத்தை நீர் வந்து திருத்தும்.

வாஸ்து நூல்களையும் இவ்வரிசையில் சேர்க்கலாம்; எச்சரிக்கையோடு. மயமதத்தைப் புருனோ தாகென்ஸ் பதிப்பித்து மொழிபெயர்த்தார். அது கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் வெளியானது. மானசாரம் தண்டகம், நந்தியாவர்த்தம், பத்மகம் என எட்டு ஊர்வடிவங்களைச் சொல்கிறது. சிதம்பரத்தை இவற்றில் ஒன்றுக்குள் அடைக்க முயல்வது வீண்வேலை. தலைமுறை தலைமுறையாகக் கொடையாலும் திருவிழாவாலும் வளர்ந்த ஊர் அது. அந்த வளர்ச்சியின் பொருளியலை அறிய, வணிகத்தையும் நகரமயமாதலையும் சேர்த்து ஆராய்ந்த இரா. சம்பகலட்சுமியின் 1996ஆம் ஆண்டு நூலைப் படிக்க வேண்டும். கோபுரங்களுக்கு ஹார்லே 1963இல் எழுதிய நூல் இருக்கிறது.

லிஞ்சையும் ஜேக்கப்ஸையும் கடைசியில் வைக்கிறேன். பாதை, விளிம்பு, பகுதி, சந்தி, அடையாளம் என்ற லிஞ்சின் ஐந்தும், நான்கு கோபுரத்தையும் நான்கு வீதியையும் அறிந்தவருக்கு உடனே விளங்கும். வீடும் கடையும் கலந்த தெருவே பாதுகாப்பானது என்ற ஜேக்கப்ஸின் வாதம், கீழ வீதியில் மாலையில் நடந்தவருக்குப் புதிதல்ல.

நகரமைப்பு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரலோகவீரன் பாடல்களை நகலெடுத்துக்கொண்டு மாசி மகத்தன்று சிதம்பரத்திலிருந்து கிழக்கே கிள்ளைக்குப் போங்கள். தீர்த்தவாரி இன்றும் அங்கே கடற்கரையில் நடக்கிறது. வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு வாய்க்காலையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள்.