நானாவதி வழக்கும் ஜூரிகளின் மௌனமும்

இந்தியாவில் ஜூரி முறையை ஒழித்தது நானாவதி வழக்கே என்ற கருத்து பரவலாக நிலவுகிறது. காலவரிசை அதற்கு இடந்தரவில்லை. ஜூரி முறையைக் கைவிடுமாறு சட்ட ஆணையம் தனது 14ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது 1958இல். கடற்படை அதிகாரி கே. எம். நானாவதி, தம் மனைவியுடன் உறவு கொண்டிருந்த பிரேம் அகுஜாவைப் பம்பாயில் சுட்டதோ 1959 ஏப்ரல் 27 அன்று. அவ்வழக்குக்குப் பின்னரும் சில இடங்களில் ஜூரி விசாரணைகள் நடந்தன. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் ஜூரிக்கு இடமில்லாமற் போனது.

வழக்கின் உண்மையான பாடம் வேறு. ஆர். கே. கரஞ்சியாவின் 'பிளிட்ஸ்' வார இதழ் நானாவதியை வெளிப்படையாக ஆதரித்து எழுதியது. ஒன்பது ஜூரிகளுள் எண்மர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். இத்தகைய நிலைக்கு 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தடுப்பை வைத்திருந்தது. ஜூரிகளின் முடிவை ஏற்க இயலாத செஷன்ஸ் நீதிபதி, நீதியின் பொருட்டு அவசியம் எனக் கருதினால், 307ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். நீதிபதி மேத்தா அவ்வாறே செய்தார்.

உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் நானாவதி கொலைக் குற்றவாளியே என்ற முடிவுக்கு வந்தனர். ஆனால் வெவ்வேறு வழிகளில். நியாயமாகச் சிந்திக்கும் எக்குழுவும் ஜூரிகளின் முடிவை எட்டியிருக்க இயலாது என்றார் நீதிபதி நாயக். நீதிபதி ஷேலத், செஷன்ஸ் நீதிபதி ஜூரிகளுக்கு வழங்கிய அறிவுரையிலேயே பிழைகள் கண்டார். துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்ற வாதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும் என்பது ஜூரிகளுக்கு விளக்கப்படவில்லை. ஜூரிகளின் முடிவை ஐயுற்று அனுப்பியவரின் அறிவுரையே குறையுடையதாக அறியப்பட்டது. 1961 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

இத்தீர்ப்புகள் ஊன்றி நின்ற காரணங்களுள் பத்திரிகைப் பரபரப்பு இல்லை, இருக்கவும் இயலாது. ஜூரிகள் தம் முடிவுக்குக் காரணம் கூறுவதில்லை. எண்மரின் மனத்தில் 'பிளிட்ஸ்' இருந்ததா, இரக்கம் இருந்ததா, தவறான அறிவுரை இருந்ததா என்பதற்குப் பதிவு ஏதுமில்லை. இவற்றுள் பதிவில் இருந்தது நீதிபதியின் அறிவுரை மட்டுமே. எனவே நீதிபதி ஷேலத்தின் ஆய்வு அதன் மீதும் சென்றது.

ஜூரிக்குப் பதிலாக வந்த நீதிபதி காரணம் எழுதக் கடமைப்பட்டவர். அக்காரணத்தை மேல் நீதிமன்றம் படிக்கலாம், மறுக்கலாம். எனினும் பரபரப்பு பற்றிய அச்சம் அகலவில்லை. சகாரா வழக்கில் 2012ஆம் ஆண்டு அரசியல் சாசன அமர்வு, நியாயமான விசாரணைக்கு ஊறு நேரும் நிலையில் செய்தி வெளியீட்டைச் சிறிது காலம் ஒத்திவைக்க ஆணையிடலாம் என்றது. ஜூரி மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் பிறந்த அவ்வாணை, பரபரப்பு என்பது ஜூரிகளுக்கு மட்டுமே உரிய இடர் அன்று என்பதற்குச் சான்று.