ஒப்பந்தப்புள்ளியும் எழுத்தும்: தமிழ்நாட்டு அரசுக் கொள்முதலில் வெற்றிபெறும் விண்ணப்பத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பணிகளைக் குறைந்த விலை கேட்பவரே பெறுகிறார் என்பது பொதுவான எண்ணம். அவ்விலை படிக்கப்படும் நிலையை எட்டுவதற்கு முன்பே பல விண்ணப்பங்கள் விலக்கப்படுகின்றன. ஆளின் நம்பகத்தைச் சார்ந்திருந்த அரசுக் கொள்முதல், ஆவணத்தின் நிறைவைச் சார்ந்ததாக மாறிய வரலாற்றையும், அம்மாற்றத்தில் தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பெறும் இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒப்பந்தப்புள்ளி, அரசுக் கொள்முதல், இரட்டை உறை முறை, முன்வைப்புத்தொகை, ஒப்பந்ததாரர்.

சொல்லும் பொருளும்

'டெண்டர்' என்னும் ஆங்கிலச் சொல், நீட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழி வந்தது. ஒன்றைத் தர முன்வந்து நீட்டுதல் என்பது அதன் அடிப்படை. தமிழில் ஆட்சிச் சொல்லாக நிலைபெற்ற 'ஒப்பந்தப்புள்ளி' வேறொன்றை முன்னிறுத்துகிறது. இங்குப் புள்ளி என்பது கணக்கு, மதிப்பீடு. ஆங்கிலச் சொல் தருபவரின் செயலைக் குறிக்க, தமிழ்ச் சொல் தொகையைக் குறிக்கிறது. இன்றைய நடைமுறை இவ்விரண்டையும் கடந்துவிட்டது. அரசு வெளியிடும் ஆவணம் பல வினாக்களைக் கேட்கிறது. விண்ணப்பம் அவற்றுக்கான விடைத்தாளாக அமைகிறது. விலை அவ்விடைகளுள் ஒன்று, அதுவும் இறுதியில் திறக்கப்படுவது.

ஆளை நம்பிய காலம்

17ஆம் நூற்றாண்டில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினி நடத்திய துணிக் கொள்முதலில் காசி வீரண்ணா போன்ற தலைமை வணிகர்கள் நடுநாயகமாக விளங்கினர். 1680இல் அவர் மறைந்தது கும்பினியின் கொள்முதல் ஏற்பாட்டையே மாற்றியமைக்க வேண்டிய நிகழ்வாயிற்று. வணிகர் முன்பணம் பெற்று நெசவாளரிடம் துணி திரட்டினார். வந்த துணி, முன்னரே ஒப்புக்கொண்ட மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்பட்டது. தரம் தாழ்ந்தால் விலை குறைக்கப்பட்டது. பணிக்கான விவரக்குறிப்பு தாளில் இல்லை, கையில் பிடித்துப் பார்க்கும் துணியில் இருந்தது. இன்னார் தருவார் என்ற நம்பிக்கையே தகுதிச் சான்று.

அரசுடனான ஒப்பந்தம் எழுத்தில், உரிய வடிவில் அமைய வேண்டும் என்னும் நெறி 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175(3)ஆம் பிரிவில் இடம்பெற்றது. அதுவே அரசமைப்புச் சட்டத்தின் 299ஆம் உறுப்பாகத் தொடர்கிறது. மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரால், அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலரால் நிறைவேற்றப்பட வேண்டும். 1943இல் இரயில்வேக்கு உணவுதானியம் வழங்க ஒப்புக்கொண்ட வணிகர் ஒருவரின் வழக்கில், கொள்முதல் ஆணைகள் இவ்வடிவில் இல்லாமையால் அவ்வொப்பந்தம் செல்லாது என உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. அலுவலரின் கடிதத்தையும் வாய்மொழியையும் நம்பி வேலை தொடங்குவோருக்கு அத்தீர்ப்பு இன்றும் பொருந்தும்.

1979: நிபந்தனை இருபுறமும் கட்டும்

எழுத்து அரசையும் கட்டுப்படுத்துமா என்பது அடுத்த வினா. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த 1977இல் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. பதிவு பெற்ற இரண்டாம் வகுப்பு உணவகத்தாராகவும் ஐந்தாண்டு அனுபவம் உடையவராகவும் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. மிகுந்த உரிமக் கட்டணம் தர முன்வந்தவருக்கு உணவுச்சாலைகள் நடத்திய அனுபவமே இருந்தது. எனினும் உரிமம் அவருக்கே வழங்கப்பட்டது. இரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் நீதிபதி பி. என். பகவதி, அரசு தான் அறிவித்த தகுதி அளவுகோலுக்குத் தானே கட்டுப்பட்டது என்று 1979இல் தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர் அந்தப் போட்டியில் பங்கேற்றவர் அல்லர் என்பது கருதத்தக்கது. நிபந்தனை தளர்த்தப்படும் என்று தெரிந்திருந்தால் தாமும் விண்ணப்பித்திருப்பேன் என்பதே அவர் வாதம். நெறி நிலைநாட்டப்பட்டது, காலத்தாழ்வு முதலிய காரணங்களால் அவர் கோரிய பயன் கிட்டவில்லை.

1998ஆம் ஆண்டுச் சட்டம்

நீதிமன்றம் வகுத்த நெறியை மாநில அளவில் சட்டமாக்கியதில் தமிழ்நாடு இந்தியாவில் முன்னோடி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998ஆம் ஆண்டின் 43ஆம் சட்டமாக இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2000இல் வந்தன. கர்நாடகம் 1999இல் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தது. நடுவண் அரசு 2012இல் மக்களவையில் அறிமுகம் செய்த பொதுக்கொள்முதல் மசோதாவோ சட்டமாகாமலே காலாவதியாயிற்று.

இச்சட்டத்தின் உயிர்நாடி 10ஆம் பிரிவு. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிட்ட, புறவயமான, அளவிடத்தக்க கூறுகளைக் கொண்டு கண்டறியப்படும் குறைந்த புள்ளியையே ஏற்க வேண்டும் என அது விதிக்கிறது. 'குறைந்த' என்பதினும் 'ஆவணத்தில் குறிப்பிட்ட' என்பதே ஆழமான மாற்றத்தைச் செய்தது. ஆவணத்தில் சொல்லாத சிறப்பு எதுவும் இனி மதிப்பெண் பெறாது. சொன்ன எதையும் விண்ணப்பதாரர் விட்டுவிடவும் இயலாது. விண்ணப்பம் சமர்ப்பிக்க, 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் தர வேண்டும் என விதிகள் கூறின. அவகாசத்தைக் குறைக்க மேலலுவலரின் எழுத்துவழி அனுமதியும் காரணமும் தேவை.

இந்த 15 நாள் எதற்காக? விலை கணக்கிட அனுபவமுள்ள ஒப்பந்ததாரருக்கு இரண்டொரு நாளே போதும். எஞ்சிய நாள்கள் தாளுக்கு உரியவை: முடித்த பணிகளுக்கான சான்று, சொத்து மதிப்புச் சான்றிதழ், வருமானவரி ஆவணங்கள், ஈ.எம்.டி. என்று வழங்கும் முன்வைப்புத்தொகை. இரட்டை உறை முறையில் தகுதி உறை முதலில் திறக்கப்படும். அதில் தேறியோரின் விலை உறை மட்டுமே பின்னர்ப் பிரிக்கப்படும். ஆகவே வெற்றிபெறும் விண்ணப்பத்தை எழுதும் கலை, முதன்மையாக வாசிக்கும் கலை. அனுபவம் உள்ள நிறுவனங்கள் ஆவணத்தின் ஒவ்வொரு நிபந்தனையையும் பிரித்தெழுதி, அதற்கெதிரே தம் சான்று உள்ள பக்க எண்ணைக் குறித்து அளிக்கின்றன. ஐயமுள்ள இடத்தில் தம் விருப்பம்போல் நிபந்தனை சேர்க்காமல், குறித்த காலத்துக்குள் எழுதிக் கேட்டுத் தெளிவு பெறுகின்றன.

எப்பிழை பொறுக்கப்படும்?

இவ்விடத்தில் இரண்டு தீர்ப்புகளை எதிரெதிரே வைத்து வாசித்தல் தகும். வாரணாசி டீசல் இரயில் எஞ்சின் தொழிற்சாலையின் பழைய இரும்பு விற்பனையில், முன்வைப்புத்தொகையை ரொக்கமாகவோ பாரத ஸ்டேட் வங்கி வரைவோலையாகவோ செலுத்தக் கோரியிருந்தனர். மிகுந்த விலை கேட்டவர், வேறொரு வங்கி சான்றளித்த காசோலையைச் செலுத்தினார். இது சிறு குறை, தளர்த்தலாம் என 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது; பணம் உறுதியாகக் கிட்டும் என்பதால் நிபந்தனையின் நோக்கம் நிறைவேறியது.

மேற்கு வங்க மின்வாரியத்தின் புருலியா நீரேற்று மின்திட்ட வழக்கில் 2001இல் வந்த முடிவு வேறு. அலகு விலைகளில் கணினியால் திரும்பத் திரும்ப நேர்ந்த தட்டச்சுப் பிழையைத் திருத்த அனுமதி கேட்டது ஒரு கூட்டு நிறுவனம். மொத்தத் தொகைக்கும் அலகு விலைக்கும் முரண் வந்தால் அலகு விலையே நிற்கும் என்று ஆவணம் முன்பே அறிவித்திருந்தது. பெரும் பணிக்குப் போட்டியிடுவோர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் மறுத்தது. பணம் செலுத்தும் வடிவில் நேர்ந்த பிழை பிழைத்தது. விலையை மாற்றும் பிழை பிழைக்கவில்லை. மற்றப் போட்டியாளரின் நிலையைப் பாதிக்கிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு எனக் கொள்ளலாம்.

பெருநிறுவனம் வழக்காடித் தோற்கவும் வசதி உடையது. ஊராட்சிச் சாலையும் பள்ளிக் கட்டடமும் எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர் நிலை அவ்வாறன்று. சட்டத்தின் 11ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்குத் தருவது 10 நாள். தலைமுறையாகக் கொத்துவேலை அறிந்தவர், கையொப்பம் விடுபட்ட ஒரு பக்கத்தால் வேலையை இழக்கக்கூடும். அவர் இழப்பதோ ஓராண்டுப் பிழைப்பு. ஒப்பந்தப்புள்ளி தயாரித்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட இடையாளர்கள் பெருகியதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம். அலுவலரின் தயவிலிருந்து விடுவித்த அதே எழுத்து, எழுத்தில் தேர்ந்தவரின் தயவுக்கு அவரை ஆளாக்கியது. மின்னணுக் கொள்முதலும் மின்கையொப்பமும் வந்த பின் இச்சார்பு கூடியதேயன்றிக் குறையவில்லை. ஆயினும் பழைய நிலையைவிட இது மேலானதே: தயவு மறுக்கப்பட்டதற்குக் காரணம் கேட்க வழியில்லை, தாள் மறுக்கப்பட்டதற்கு உண்டு.

ஏற்கப்பட்டவரின் பெயர், முகவரியோடு ஏனையோரின் புள்ளிகள் நிராகரிக்கப்பட்ட காரணங்களையும் ஒப்பந்தப்புள்ளிச் செய்தியிதழ் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. வென்ற விண்ணப்பங்கள் கட்டடமாகவும் பாலமாகவும் நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டு ஒப்பந்ததாரர் வகுப்பின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோருக்கு, தோற்றவை பற்றிய இக்குறிப்புகளே முதன்மைச் சான்று.