தோம்பில் ஏறாத பெயர்கள்

கொழும்பு மாநகரிலே பெய்ரா வாவியை அணைந்து கிடக்கும் ஒரு சிறு நிலப்பகுதிக்கு இரண்டு பெயர்கள் வழங்கி வந்துள்ளன. ஆங்கிலேயர் அதனை ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு என்றனர். தமிழரும் சிங்களவரும் கொம்பனித்தெரு என்கின்றனர். கொம்பனி என்னுஞ் சொல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியைக் குறிப்பதாகவே பொதுவாகக் கொள்வர். ஒரே மண்ணை ஒரு மொழி அடிமையைக் கொண்டும், மற்றிரு மொழிகள் ஆண்டானைக் கொண்டும் நினைவில் வைத்திருக்கின்றன. ஆயினும், பகலெல்லாம் கோட்டையிலே உழைத்து, இரவிலே நீர் சூழ்ந்த அந்நிலத்தில் அடைக்கப்பட்ட மனிதர்கள் தம்முள் ஒருவரையொருவர் எப்பெயர் சொல்லி அழைத்தனர் என்பதை இம்மூன்று மொழிகளில் எதுவும் நமக்குச் சொல்லவில்லை.

பெயர் என்பது வெறும் ஓசையா? அதனை இடும் உரிமை யாருக்குரியது? எவருடைய பெயர் ஏட்டில் ஏறுகிறது, எவருடையது ஏறாமற் போகிறது? இவ்வினாக்களை ஆராய்வதற்கு எபிரேய வேதாகமத்தின் வமிச அட்டவணைகள் பெருந்துணை புரிகின்றன. படிப்போர் பலர் சலிப்புற்றுத் தாண்டிச் செல்லும் பக்கங்கள் அவை. ஆதியாகமத்தின் சில அதிகாரங்களும், முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் இன்னார் இன்னாரைப் பெற்றார் என நீண்டு செல்கின்றன. இத்தகைய வமிச வரலாற்றை எபிரேயர் ‘தோலெதோத்’ என்பர். ஈனுதல், பெறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. ஈழத்துத் தமிழிலே இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஒரு சொல் உண்டு. அதுவே தோம்பு. 18ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்தர் குடிகளின் பெயர், வயது, உறவு, நிலம் ஆகியவற்றை எழுதிவைத்த தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இன்றும் பேணப்படுகின்றன. வரியும் ஊழியமும் பெறுவதற்காக எழுதப்பட்டவை அவை. மனிதரை எண்ணும் ஏடு எதுவாயினும் அதன் பின்னால் உடைமையும் அதிகாரமும் நிற்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எபிரேயப் பெயர்கள் நமக்கு அந்நியமானவை என எவரும் எண்ண வேண்டியதில்லை. கொம்பனித்தெருவிலே கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே யாக்கோபு என்னும் பெயர் புரட்டஸ்தாந்தரிடம் யாக்கோபாகவும், போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கரிடம் சந்தியாகுவாகவும், சோனகரிடமும் மலாயரிடமும் யாக்கூபாகவும் வழங்குகிறது. தாவீதும் தாவூதும் ஒருவரே. சாலமோனும் சுலைமானும் ஒருவரே. நம் முன்னோர் சில பெயர்களை ஒலியால் ஏற்காது பொருளால் ஏற்றனர். ‘யோகனான்’ என்னும் எபிரேயப் பெயருக்குக் கர்த்தர் அருளினார் என்பது பொருள். கத்தோலிக்கத் தமிழர் அதனை அருளப்பர் என மொழிபெயர்த்தனர். நம் வீடுகளிலே அன்னம்மா என அழைக்கப்படும் கிறிஸ்தவப் பெண்ணின் பெயரும் ‘அன்னாள்’ என்னும் வடிவின் வழியாக அருளைக் குறிக்கும் அதே வேரிற் பிறந்ததேயாகும். அருளப்பரும் அன்னம்மாவும் சொல்வழியில் உடன்பிறந்தோர் என்பதை அப்பெயர்களைத் தாங்கியோரே அறியார்.

எபிரேயப் பெயர்களுட் பல, சிறு வாக்கியங்கள் என்பது அவற்றின் சிறப்பியல்பாகும். அவற்றை இட்ட தாயின் மனநிலை அவற்றிலே உறைந்து கிடக்கிறது. கணவனின் அன்பைப் பெறாத லேயாள் தன் தலைமகனுக்கு ரூபன் என்று பெயரிட்டாள். ‘இதோ, ஒரு மகன்’ என்பது பொருள். அடுத்தவன் சிமியோன், அவள் புலம்பலைக் கடவுள் கேட்டார் என்பது பொருள். மூன்றாமவன் லேவி, இனியேனும் கணவன் தன்னோடு இணைவான் என்னும் ஏக்கம் அப்பெயரிலே தொனிக்கிறது. பிள்ளைப்பேற்றிலே உயிர்விட்ட ராகேல் தன் மகனைப் பெனோனி, ‘என் துயரத்தின் மகன்’ என்றாள். தந்தை அதனை மாற்றிப் பென்யமீன், ‘வலக்கையின் மகன்’ என்றான். எபிரேயத்திலே வலத்தைக் குறிக்கும் சொல் தெற்கையும் குறிக்கும். வடமொழியின் ‘தட்சிணம்’ என்னுஞ் சொல்லும் அவ்வாறே இருபொருள் தரும். இவ்விளக்கங்களுட் சிலவற்றை மொழிநூலார் ஏற்பதில்லை. மக்கள் வழக்கிலே பின்னர் தோன்றியவை என்பர். அவ்வாறாயினும் அக்காலச் சமுதாயம் பெயரை எவ்வாறு நோக்கியது என்பதற்கு அவை சான்றாகின்றன. நம் நாட்டிலும் பெண்மகவு தொடர்ந்து பிறந்த வீட்டிலே ‘போதும்பொண்ணு’ என்று பெயரிட்டனர். பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த தாய் எஞ்சிய மகவுக்குப் பிச்சை என்றோ குப்பன் என்றோ பெயரிட்டாள். பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பதாற் பெயரன் என்னுஞ் சொல் தோன்றிப் பின்னர் பேரன் ஆயிற்று. நமக்குங்கூட வமிசம் என்பது பெயரின் தொடர்ச்சியே.

இனி, இவ்வட்டவணைகளிலே நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடத்திற்கு வருவோம். யாக்கோபின் 12 புதல்வருள் நால்வர் அடிமைப் பெண்களின் வயிற்றிற் பிறந்தவர்கள். ராகேலின் அடிமையான பில்காள் தாணையும் நப்தலியையும் பெற்றாள். லேயாளின் அடிமையான சில்பாள் காத்தையும் ஆசேரையும் பெற்றாள். தாண் என்பதற்கு நியாயந்தீர்த்தார் என்பது பொருள். நப்தலி என்பது போராட்டத்தைச் சுட்டுவது. யாருக்கு நியாயந்தீர்க்கப்பட்டது? யாருடைய போராட்டம்? பில்காளுக்கன்று, அவள் எசமானியாகிய ராகேலுக்கே. அப்பெயர்களை இட்டவளும் அவளே. காத் என்னும் நற்பேறும் ஆசேர் என்னும் பாக்கியமும் லேயாளுடையனவே. வயிறு அடிமையுடையது, பிள்ளையும் பெயரும் எசமானியுடையன. பில்காளும் சில்பாளும் தம் மக்களை மனத்துள் எவ்வாறு அழைத்தனர் என்பது எழுதப்படவில்லை. அவர்கள் வாய்திறந்து பேசிய ஒரு சொல்லைத்தானும் ஆதியாகமம் நமக்குத் தரவில்லை.

இந்நூலைக் கையிலேந்தியே ஒல்லாந்தர் இங்கு வந்தனர். 1656ஆம் ஆண்டு கொழும்பையும் 1658ஆம் ஆண்டு நாகபட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைப்பற்றினர். பீசப்பூர்ப் படைகளாற் சூறையாடப்பட்டுத் தஞ்சை நாடு பஞ்சத்தில் வாடிய 1659 முதல் 1661 வரையான காலத்திலே, நாகபட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் 8,000 முதல் 10,000 வரையான மக்களைக் கொம்பனியார் அடிமைகளாக வாங்கினர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. அவருட் பெரும்பாலோர் இலங்கைக்கே அனுப்பப்பட்டனர். பசியால் வாடிய பெற்றோர் பிள்ளைகளை விற்ற காலம் அது. கொம்பனியார் ஆண்ட துறைமுகங்களிலே அடிமைக்கு ஆண்டானே பெயரிட்டான். வேதாகமத்திலிருந்து ஒரு பெயர், அல்லது கிரேக்க, உரோமத் தெய்வத்தின் பெயர், அல்லது மாதத்தின் பெயர். அதன்பின் தந்தையின் பெயர் நிற்க வேண்டிய இடத்திலே ‘வங்காளத்திலிருந்து’, ‘கோரமண்டலத்திலிருந்து’ என ஊரின் பெயர். ஒரு பெயரொட்டு ஒரு மனிதனின் வமிசம் முழுவதையும் வெட்டி எறிந்தது. நாகபட்டினத்திலே கப்பலேறிய தமிழ்மகள் ஒருத்திக்குத் தாய் இட்ட பெயர் அக்கரையிலேயே நின்றுவிட்டது.

1759ஆம் ஆண்டு கொழும்பிலே, பிலிப்பு தெ மெல்லோ என்னும் தமிழ்ப் போதகர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சேறியது. அதன் முதல் அதிகாரம் ஆபிரகாமின் வமிச வரலாறு. அரசரும் ஆயரும் அந்நியப் பெண்களும் அவ்வட்டவணையிலே இடம்பெறுகின்றனர். அது தமிழெழுத்திலே அச்சான அதே நகரில், வமிசம் அறுக்கப்பட்ட மனிதர்கள் கொம்பனியின் சொத்தாக எண்ணப்பட்டுக்கொண்டிருந்தனர்.

அடிமைமுறையை ஒல்லாந்தரே இங்குக் கொண்டுவந்தனர் எனக் கூறி நாம் தப்பிவிட முடியாது. யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்த தேசவழமை, கோவியர், பள்ளர், நளவர் முதலியோரை அடிமைகளாகவே குறிக்கிறது. 1707ஆம் ஆண்டு அதனை எழுதி முடித்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தத் திசாவை. பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தப் பெயருக்கு ஈசாக்கின் மகன் என்பது பொருள். ஈசாக்கு யார்? ஆபிரகாமின் மனைவி சாராள் பெற்ற மகன். சாராள் என்பதற்குத் தலைவி, இளவரசி என்பது பொருள். தன் மகனுக்கே சொத்து முழுவதும் சேரவேண்டும் என்று அடிமைப்பெண் ஆகாரையும் அவள் மகனையும் வனாந்தரத்திற்கு விரட்டியவள் அவள். அவ்விடத்திலே சாராள் ஆகாரைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. இந்த அடிமைப்பெண் என்றே சுட்டுகிறாள். ஈசாக்கின் மகன் என்னும் பெயருடையவர் எழுதிய சட்டத்திலே ஆகாரின் மக்கள் மீண்டும் அடிமைகளாயினர்.

ஆயினும் ஆகாரின் கதை அவ்வளவில் முடியவில்லை. அவளைப் பெயர் சொல்லி அழைக்கும் முதற்குரல் பாலைநிலத்திலே தேவதூதனுடைய குரலாக வருகிறது. அவள் மகனுக்கு இஸ்மவேல், ‘கடவுள் கேட்கிறார்’ எனப் பெயர் குறிக்கப்படுகிறது. அதற்கும் மேலாக, ஆகார் தன்னைக் கண்ட கடவுளுக்கே ஒரு பெயர் சூட்டுகிறாள். ‘காண்கின்ற தேவன்’ என்பது அதன் பொருள். வேதாகமத்திலே கடவுளுக்குப் பெயரிட்ட முதல் மனிதப்பிறவி ஓர் அடிமைப்பெண் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. அவள் மகனின் பெயரை இஸ்மாயில் எனத் தாங்கியோர் கொம்பனித்தெருவின் மலாய் வீதியிலும் பிற தெருக்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர்.

அடிமையின் பெயர் வமிச ஏட்டிலே ஏறிய இடமும் ஒன்றுண்டு. முதலாம் நாளாகமத்தின் இரண்டாம் அதிகாரத்திலே சேசான் என்பவனுக்கு ஆண்மக்கள் இல்லை. அவனிடம் யர்கா என்னும் எகிப்திய அடிமை இருந்தான். சேசான் தன் மகளை அவனுக்கு மணமுடித்துக் கொடுத்தான். அவர்களுக்குப் பிறந்த அத்தாயி தொடங்கி எலிசாமா வரை 13 தலைமுறைகளின் பெயர்கள் தொடர்ந்து எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஓபேத். பணிசெய்பவன் என்பது அதன் பொருள். அடிமையின் வழிவந்தோர் யூதா கோத்திரத்தின் ஏட்டிலே ஒளிவுமறைவின்றி இடம்பெற்றனர். ஆனால் அந்த வமிசத்தைத் தன் வயிற்றிலே சுமந்த சேசானின் மகளுக்கு அவ்விடத்திலே பெயரில்லை. அடிமைக்குத் திறந்த கதவு பெண்ணுக்குத் திறக்கவில்லை.

ஏடு ஒருவனைச் சேர்ப்பதைப் போலவே விலக்கவும் வல்லது. பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியோரை எண்ணும் எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்திலே, தெலாயா, தொபியா, நெகோதா ஆகியோரின் வழிவந்த 652 பேர் தம் தந்தையர் வீட்டைச் சான்றுகாட்ட முடியாது நின்றனர். தொபியா என்பதற்குக் கர்த்தர் நல்லவர் என்பது பொருள். கடவுளின் பெயரையே தம் முன்னோன் பெயரிற் கொண்டிருந்தும் ஏட்டுச் சான்று அவர்களுக்கு இல்லை. ஆசாரியர் சிலர் தம் வமிச ஏட்டைத் தேடிக் காணாமையால் தீட்டுப்பட்டோர் என விலக்கப்பட்டனர். இது பழங்கதையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனர் என்றோ நிறுவுமாறு கேட்டது. தேயிலைத் தோட்டத்து லயங்களிலே பிறந்து, பிறப்புப் பதிவே காணாத தொழிலாளி எந்தத் தோம்பைக் காட்டுவான்? மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் அதனால் நாடற்றோராயினர். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும்வரை அவ்வநீதி முற்றாகத் தீரவில்லை.

பெயர் ஏட்டில் ஏறினாற் போதுமா எனின், அதுவும் போதாது. சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆந் தேதி முதற் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகள் சுதந்திரர் எனக் கொழும்பு முதலிய இடங்களின் அடிமையாளர் பலர் உடன்பட்டனர். 1818ஆம் ஆண்டு அடிமைகளைப் பதிவுசெய்யச் சட்டம் பிறந்தது. அடிமையின் பெயர் அரசாங்க ஏட்டிலே ஏறியது. எவருடைய மகன் என்பதற்காக அன்று, எவருடைய உடைமை என்பதற்காகவே ஏறியது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் பெயரிலே படிந்த அடிமைத்தனம் அதனோடு ஒழியவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒருவன் கந்தையா எனவும் கந்தசாமி எனவும் அழைக்கப்பட, ஒடுக்கப்பட்டவன் வெறுங் கந்தனாகவே நின்றான். முதியவனாயினும் சிறுவரும் அவனை ‘டா’ போட்டு அழைத்தனர். பெயரின் ஈற்றிலுள்ள ஓரிரு எழுத்துக்களிலே சாதி தன் காவலை நிறுத்தி வைத்தது.

அக்காவலை உடைத்த எழுத்தாளர் ஒருவரை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமாகும். ஒடுக்கப்பட்ட சாதியிலே பிறந்து, ‘பஞ்சமர்’ நாவலை 1972ஆம் ஆண்டு வெளியிட்ட கே. டானியலே அவர். தானியேல் என்னும் எபிரேயப் பெயருக்குக் கடவுளே என் நியாயாதிபதி என்பது பொருள். அடிமைப்பெண் பில்காளின் மகனுக்கு எசமானி இட்ட தாண் என்னும் பெயர் பிறந்த வேரே இப்பெயரிலும் உள்ளது. அன்று எசமானியின் வெற்றியைச் சொன்ன வேர், நம் காலத்திலே ஒடுக்கப்பட்டோரின் நியாயத்தைத் தன் நூல்களாற் கேட்ட ஒருவரின் பெயராயிற்று. அவர் 1986ஆம் ஆண்டு தஞ்சையிலே மறைந்தார். பஞ்சத்திலே விற்கப்பட்ட மக்கள் கப்பலேறிய அதே தஞ்சை நாடு அது.

சொல்லின் வேரைத் தேடுவது புலமை விளையாட்டாக மட்டும் நின்றுவிடக் கூடாது. பெயரின் பொருளைக் கேட்பவர், அதனை இட்டவர் யார், இடமுடியாது நின்றவர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். கொம்பனித்தெருவின் பழைய ஒழுங்கைகள் இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழும் இக்காலத்திலே, அங்கு வாழ்ந்த எளிய குடும்பங்களின் பெயர்களும் உறவுகளும் மூத்தோர் நினைவிலே மட்டுமே எஞ்சியுள்ளன. தாய்வழிப் பெயர்களையும் சேர்த்து அவற்றை இன்று கேட்டு எழுதிவைப்பது நம்மால் இயலாத காரியமன்று. வரிக்காகவும் உடைமைக்காகவும் எழுதப்பட்ட தோம்புகள் நம்மிடம் உள்ளன. மனிதருக்காக எழுதப்படும் தோம்பு இனித்தான் தொடங்கவேண்டும்.