உதை விழும் இடம்: துப்பாக்கிக் கட்டை வளர்ந்த கதை

ஒரு ரைஃபிள் எவ்வளவு பலமாக உதைக்கும் என்பதைக் குண்டின் எடை, மருந்தின் அளவு, குண்டு கிளம்பும் வேகம், துப்பாக்கியின் மொத்த எடை ஆகியவை முடிவு செய்துவிடுகின்றன. அந்த உதை உடம்பில் எங்கே, எவ்வளவு பரப்பில், எந்தக் கோணத்தில் விழும் என்பது கட்டையின் வேலை. தோளுக்கு வலித்ததா, கன்னம் வீங்கியதா என்ற கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் கட்டையின் வடிவத்தில்தான் இருக்கிறது. இதைப் பட்டறைகள் உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் செய்த நீண்ட ரைஃபிள்களின் கட்டை பின்னே போகப்போகக் கீழே சரியும். அதன் முடிவில் பிறை போல் உள்வளைந்த பித்தளைத் தகடு இருக்கும். அதைத் தோளில் வைப்பதில்லை. மேற்கையில் கவ்வ வைப்பார்கள். தலையை நிமிர்த்திச் சாவகாசமாகக் குறி பார்க்கலாம். குண்டும் சிறியது, மருந்தும் குறைவு என்பதால் யாருக்கும் வலிக்கவில்லை. சிக்கல் பின்னால் வந்தது. தோட்டாக்கள் பலம் கூடிய பிறகும் அமெரிக்கத் தொழிற்சாலைகள் பிறையை விடவில்லை. 1886ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டர் .45-70 போன்ற கனத்த தோட்டாக்களைச் சுட்டது. அதிலும் அதே பிறைத் தகடு. அதன் இரண்டு முனைகளும் சதையில் குத்தும். அழகுக்காகவும் பழக்கத்துக்காகவும் சுடுபவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கட்டை சரிவாக இருப்பதால் இன்னொரு கேடும் உண்டு. குண்டு கிளம்பும்போது உதை குழலின் நேர்கோட்டில் பின்னோக்கி வருகிறது. தோள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் துப்பாக்கி தோளைச் சுற்றிச் சுழலப் பார்க்கும். குழலின் வாய் மேலே எகிறும், கட்டையின் மேல்விளிம்பு கன்னத்தில் அறையும். சரிவு கூடக்கூட அறையும் கூடும்.

இங்கிலாந்தில் வலி வேறு விதமாகத் தெரிந்தது. 1871இல் படையில் சேர்ந்த மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் 31 கிராம் ஈயக் குண்டைச் சுட்டது. 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சூலு வீரர்களை எதிர்த்து இரவெல்லாம் அதைச் சுட்ட பிரிட்டிஷ் வீரர்களின் தோள்கள் கன்றிப்போயின. வேட்டைக்காரர்கள் அதற்கு முன்பே கண்டிருந்த தீர்வு, துப்பாக்கியின் எடையைக் கூட்டுவது. இலங்கையின் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் பெரிய ரைஃபிள் 21 பவுண்டு, கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோ. கனத்த துப்பாக்கி மெதுவாகப் பின்வாங்கும் என்பது சரிதான், ஆனால் அதைக் காட்டில் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும். ரப்பர் தொழில் வளர்ந்ததும் இன்னொரு வழி திறந்தது. கிழக்கு லண்டனில் சில்வர்டவுன் என்ற பகுதிக்கே பெயர் கொடுத்த சில்வர் நிறுவனம், கட்டையின் முனையில் பொருத்தும் ரப்பர் மெத்தையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விற்றது. மெத்தை உதையைக் குறைப்பதில்லை. அதை இன்னும் சற்று அதிக நேரத்துக்கும் பரப்புக்கும் பகிர்ந்துவிடுகிறது.

படைகளுக்கு மெத்தை பிடிக்கவில்லை. ரப்பர் தேயும், கிழியும்; நெருங்கிய சண்டையில் கட்டையால் இடிக்கவும் வேண்டும். பிரிட்டிஷ் படை அளவில் கை வைத்தது. அதன் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் கட்டை இரண்டு துண்டாக இருந்ததால் பின்துண்டை மட்டும் மாற்ற முடிந்தது. வழக்கமான அளவுக்கு எழுத்துக் குறி இல்லை. அரை அங்குலம் நீண்டதற்கு L, அரை அங்குலம் குட்டையானதற்கு S, ஒரு அங்குலம் குட்டையானதற்கு B என்று, கட்டையின் மேற்புறத்தில் பித்தளைத் தகட்டுக்குச் சற்று முன்னால் அச்சடித்திருப்பார்கள். B என்பது ‘பாண்டம்’. 1914இல் பர்க்கன்ஹெட்டில் தொடங்கி, 5 அடி 3 அங்குலத்துக்கும் குட்டையானவர்களைச் சேர்த்த பட்டாலியன்களுக்கும் அதே பெயர்தான். விசையிலிருந்து கட்டையின் முனைவரை உள்ள நீளம் குறைந்துபோனால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கூடிப்போனால் கட்டை தோள்குழியில் உட்காராமல் கையின் சதைக்கு நழுவும். மாற்றும் வேலை எளிதுபோல் தோன்றும்: பித்தளைத் தகட்டின் சிறு கதவைத் திறந்து, நீண்ட திருப்புளியை உள்ளே விட்டுப் போல்ட்டைத் திருப்பினால் போதும். ஆனால் முன்கட்டையை முதலில் கழற்றாமல் திருப்பினால், போல்ட்டின் சதுர முனை முன்கட்டையைப் பிளந்துவிடும். ஆயுதப் பணிமனைகளில் இது தெரிந்த விபத்து. நான்கு கிலோ எடையுள்ள இந்தத் துப்பாக்கி ஒவ்வொரு தோட்டாவுக்கும் நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் வேகத்தில் பின்னால் வரும் என்பதால், அரை அங்குலம் சின்ன விஷயமில்லை.

வேட்டைத் துப்பாக்கிகளில் கன்னத்தின் பிரச்சினையைத் தீர்க்க முயன்றவர் கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி. 1945இல் கடை தொடங்கிய இவர் மிக வேகமான, மிகப் பலமாக உதைக்கும் தோட்டாக்களை விற்றார். அவருடைய கட்டையின் மேல்விளிம்பு முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயரும். துப்பாக்கி பின்னால் வரும்போது விளிம்பின் தாழ்ந்த பகுதி முகத்துக்கு நேரே வருவதால் கன்னத்தை அழுத்தாமல் விலகிப்போகும். பளபளப்பும் கூர்மையான கோடுகளும் பழமை விரும்பிகளுக்கு உறுத்தின. அவர்கள் ஆதரித்த நேரான மேல்விளிம்பு, 1968இல் வந்த ரூகர் 77க்கு லென் பிரவுனெல் வடித்த கட்டையில் பரவலாகத் திரும்பியது.

இராணுவத்தில் பெரிய திருப்பம் தானியங்கித் துப்பாக்கிகளால் வந்தது. தொடர்ந்து சுடும்போது வாய் எகிறினால் மூன்றாவது குண்டே வானத்துக்குப் போகும். ஜெர்மானியப் பாராசூட் வீரர்களின் எஃப்ஜி 42லும், அமெரிக்கர் மெல்வின் ஜான்சனின் இலகு இயந்திரத் துப்பாக்கியிலும் கட்டை குழலின் நேர்கோட்டுக்கே உயர்ந்தது. பின்னாளில் ஜான்சன் ஆலோசகராக இருந்த ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் செய்த ரைஃபிள்தான் எம்16 ஆயிற்று. கட்டை உயர்ந்தால் கண்ணும் உயர வேண்டும். எனவே குறிமுனைகளைக் குழலுக்குச் சுமார் ஆறரை சென்டிமீட்டர் மேலே தூக்கி வைத்தார்கள். அதனால் மிக அருகிலுள்ள இலக்கில் குண்டு குறிக்குக் கீழே படும். ரஷ்யர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. 1959இன் ஏகேஎம்மில் கட்டையைக் கொஞ்சம் மட்டும் நிமிர்த்தினார்கள். திருச்சி ஆயுதத் தொழிற்சாலையின் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நீளம் பற்றிய பழைய கேள்வி ஓயவில்லை. 1980களின் எம்16ஏ2வில் கட்டையை 16 மில்லிமீட்டர் நீட்டினார்கள். பின்னர் தடித்த மார்புக் கவசம் வழக்கமானதும் அதே நீளம் தொந்தரவாயிற்று. எம்4 கார்பைனின் இழுத்து நீட்டும் கட்டைதான் இன்று பரவலாக இருக்கிறது. துல்லியத் துப்பாக்கிகளுக்கு வழிகாட்டியது விளையாட்டு. 1984, 1988 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மால்கம் கூப்பர் தொடங்கிய நிறுவனத்தின் எல்96ஏ1 ரைஃபிளைப் பிரிட்டிஷ் படை ஏற்றது. அதன் கட்டையில் சிறு தட்டுகளைச் செருகியோ எடுத்தோ, ஆளுக்கு ஏற்றபடி நீளத்தை அமைத்துக்கொள்ளலாம்.