உப்புநீர் ஊறல் கலன்

உப்புநீர் ஊறல் கலன் என்பது சமைப்பதற்கு முன் இறைச்சியை உப்புக் கரைசலில் அமிழ்த்தி வைக்கப் பயன்படும், மூடியுள்ள பாத்திரம் ஆகும். உப்புநீர் பல பொருட்களை அரிக்கும் இயல்புடையது. எனவே இதற்கான கலன் உப்புடனும், புளிப்புச் சேர்க்கப்பட்டால் அதனுடனும் வினைபுரியாததாக இருத்தல் வேண்டும்.

உப்புக்கண்டத்திலிருந்து வேறுபாடு

தமிழகத்தில் இறைச்சியைக் கெடாமல் வைக்கும் பழைய முறை உப்புக்கண்டம் ஆகும். இறைச்சித் துண்டங்களில் உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் உலர்த்துவர். நீர் வற்றுவதாலேயே அது கெடாமல் இருக்கிறது. உப்புநீர் ஊறல் இதற்கு மாறானது. வீடுகளில் வழக்கமாக ஒரு லிட்டர் நீருக்கு 50 முதல் 60 கிராம் உப்பே சேர்க்கப்படுகிறது. இது இறைச்சிக்குச் சாற்றையும் மென்மையையும் தருமேயன்றி, அதனைப் பதப்படுத்தாது. ஊறும் நேரம் முழுவதும் இறைச்சி 5 பாகை செல்சியஸிற்குக் கீழே இருத்தல் வேண்டும்.

கலன் செய்யப்படும் பொருள்

கண்ணாடியும் நன்கு மெருகூட்டப்பட்ட பீங்கானும் உப்பினால் பாதிக்கப்படுவதில்லை. ஊறுகாய்ச் சாடி இவ்வகையினது. ஆனால் மெருகில் விரிசல் கண்ட சாடியையும், ஈயம் கலந்த மெருகு பூசப்பட்ட அலங்கார மட்கலங்களையும் தவிர்க்க வேண்டும். மெருகில்லாத மண்பானையில் உப்புநீர் கசிந்து, வெளிப்புறத்தில் உப்பு பூத்து, நாளடைவில் பானை உதிரும்.

அலுமினியம், இண்டாலியம், செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய வாளி ஆகியன பொருந்தா. பித்தளையின் உட்புறம் வெள்ளீயம் பூசப்பட்டிருந்தாலும், பூச்சு தேய்ந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். எவர்சில்வர் பாத்திரத்தில் ஓரிரு நாட்கள் ஊறவைக்கலாம். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட வகை உகந்தது. இதிலும் உப்புநீர் நீண்ட நாட்கள் தங்கினால் ஊசிமுனை போன்ற குழிகள் தோன்றக்கூடும்.

நெகிழிக் கலன்களில் குழப்பம் மிகுதி. அடியில் முக்கோணத்தினுள் உள்ள எண் (அடர் பாலிஎத்திலீனுக்கு 2, பாலிபுரோப்பிலீனுக்கு 5) நெகிழியின் வகையை மட்டுமே சொல்கிறது. உணவுக்கு ஏற்றதா என்பதைச் சொல்வதில்லை. அதற்குக் கிண்ணமும் முள்கரண்டியும் கொண்ட குறியைப் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10146 பாலிஎத்திலீனுக்கும், ஐ.எஸ். 10910 பாலிபுரோப்பிலீனுக்கும் உரிய உணவுத்தொடர்புத் தரங்களாகும். குளியலறை வாளி, வண்ணப்பூச்சு வாளி, குப்பைப் பை ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

செண்பகனூரில்

திண்டுக்கல் மாவட்டத்தில், கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே மலைச்சாலையில் அமைந்துள்ளது செண்பகனூர். பழனி மலையின் இப்பகுதியில் கோடைப் பகலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். மூடுபனியும் ஈரமும் மிகுந்த மாதங்களில் உப்புக்கண்டம் உலர்வது கடினம். ஆயினும் இக்குளிர் உப்புநீர் ஊறலுக்குப் போதாது. உறைபனி விழும் சில இரவுகள் நீங்கலாக, திறந்த சமையலறையின் குளிர் பாதுகாப்பான அளவிற்கு இறங்குவதில்லை. கையில் சில்லென்று இருப்பதை வைத்து இறைச்சியை வெளியே விடுவதே இங்குள்ள ஆபத்து எனலாம்.

எனவே கலன் குளிர்பதனப் பெட்டியில் அடங்க வேண்டும். உயரமான பாரம்பரியச் சாடி தட்டுகளுக்கிடையே நுழையாது. அகன்ற, குட்டையான கலனே வசதி. ஒன்றரைக் கிலோ முழுக்கோழிக்கு 4 முதல் 5 லிட்டர் கொள்ளளவு போதுமானது. மின்தடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலின்போது இம்மலைப்பகுதியில் மரங்கள் சாய்ந்து மின்வழங்கல் துண்டிக்கப்பட்டது. திறக்கப்படாத குளிர்பதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரமே குளிரைத் தக்கவைக்கும்.

பயன்பாடு

கொதிக்கவைத்த கரைசலை முழுதும் ஆறிய பின்னரே கலனில் ஊற்ற வேண்டும். சூட்டில் கண்ணாடி விரிசல் விடும், இறைச்சியின் வெளிப்புறமும் வேகத் தொடங்கும். மிதக்கும் இறைச்சியை அமிழ்த்தப் பீங்கான் தட்டு ஏற்றது. கீறல் விழுந்த நெகிழியில் நுண்ணுயிர்கள் தங்குமாதலால், அதனை இப்பயன்பாட்டிலிருந்து விலக்குவர். ஒருமுறை பயன்படுத்திய உப்புநீரை மறுமுறை பயன்படுத்துவதில்லை.