கவ்வாத்தும் கருத்தும்

அப்புத்தளை மலைச் சரிவுகளிலே தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துவர். தோட்டத் தமிழில் இதற்குக் கவ்வாத்து என்று பெயர். காய்ந்த கிளையும் நோயுற்ற கிளையும் கத்திக்கு இரையாகும். எஞ்சிய தண்டிலிருந்து புதுத்தளிர் எழும். இத்தொழிலுக்கும் சிந்தனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கும் உறவு உண்டென்றால் நேயர்கள் வியப்புறலாம்.

அவ்வுறவு இலத்தீன் வழியே வந்தது. பண்டை உரோமர் கொடிமுந்திரியைக் கவ்வாத்துச் செய்வதைப் 'புத்தாரே' என்றனர். தூய்மை செய்தல் என்பதே அதன் பழம்பொருள். கணக்கிலே வேண்டாதவற்றைக் கழித்து நேர்செய்வதும் பின்னர்ப் புத்தாரே ஆயிற்று. அங்கிருந்து கருதுதல், நினைத்தல் என்னும் பொருள்கள் கிளைத்தன. மிகையானதை வெட்டி நீக்குதலே இச்சொல்லின் அடிக்கருத்தென்று கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே ஔலுஸ் கெல்லியுஸ் என்பார் விளக்கினார். கைகால்களை அறுத்து நீக்கும் 'அம்பியுட்டேஷன்' அந்தப் பழைய கத்தியை இன்னும் ஏந்தி நிற்கின்றது. வாதத்தைக் குறிக்கும் 'டிஸ்பியூட்', கணினியாகிய 'கம்பியூட்டர்' ஆகியவையோ கத்தியை மறந்து கருத்துலகம் புகுந்துவிட்டன.

'இன்டெலிஜென்ஸ்' என்னும் அறிவுச்சொல் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கே உரியது எனலாம். இலத்தீனில் 'லெகெரே' என்றால் பறித்துச் சேர்த்தல், தேர்ந்தெடுத்தல்; படித்தல் என்னும் பொருளும் உண்டு. 'இன்டெர்' என்பது இடையே என்பதாம். பலவற்றினிடையே தக்கதைத் தெரிந்தெடுப்பதே அறிவு என்றாகின்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, முற்றிய இலையை விட்டுவிடும் விரல்கள் கணந்தோறும் செய்வது அதுவே அன்றோ? தொழிற்சாலைச் சல்லடையும் விலக்கன்று: பகுத்தறிதலைக் குறிக்கும் 'டிஸேர்ண்' என்பதன் வேர் சலித்துப் பிரித்தலாகும். சிந்தனையில் ஆழ்ந்திருப்பதைச் சொல்லும் 'பென்சிவ்', நிறுத்தலைக் குறித்த சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பகுதித் தம்பேத்தன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். 1893இல் புகைவண்டி அப்புத்தளையை எட்டியது. அக்காலத் துரைமார் பலர் பள்ளியிலே இலத்தீன் பயின்றவர்கள். ஆயினும் தோட்டத்தின் அமைப்பு அம்மொழியின் சான்றுக்கு நேர்மாறானது: நினைப்பது பங்களாவில், வெட்டுவது மலையில் என்று அது பிரித்து வைத்தது. விடியற்காலைப் பெரட்டுக்களத்திலே தொழிலாளர் எண்ணப்பட்டனர். அவர்களும் எண்ணுபவர்கள் என்பது செக்ரோலில் இடம்பெறவில்லை. கவ்வாத்துக்காரன் எந்தக் கிளையை விடுவது, எதை நீக்குவது என்று ஒவ்வொரு செடியின் முன்னும் முடிவு செய்கின்றான். அம்முடிவு தவறினால் செடியே பட்டுப்போதலும் உண்டு.

தமிழ் இந்த உறவை மறைத்ததேயில்லை. எண்ணுதல் கணக்கிடுதலும் நினைத்தலுமாம். தெரிதல் பொறுக்கியெடுத்தலும் அறிதலுமாம். ஆய்தல் என்பதோ இன்னும் வெளிப்படை. யாழ்ப்பாணத்தார் பூ ஆய்வர், மாங்காய் ஆய்வர். கீரையை ஆய்ந்த பின்னரே எவ்வீட்டிலும் அது உலையேறும். பல்கலைக்கழகத்துப் புலவர் சுவடியை முன்வைத்துக்கொண்டு செய்வதற்கும் ஆய்வு என்றே பெயர்.